ஸ்கெட்சில் ஆட்டம் இருக்கக் கூடாது: ஃப்ரீகேடில் கன்ஸ்ட்ரெயின்ட் போடப் பழகுகிறவர்களுக்கு

கடலூர் முதுநகரில் லேத் பட்டறைப் பக்கம் போய் நின்றால் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும்: ஆட்டம். ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, “ஆட்டம் இருக்குப்பா” என்பார் மேஸ்திரி. பேரிங் தேய்ந்திருக்கலாம், புஷ் தளர்ந்திருக்கலாம், போல்ட் கழன்றிருக்கலாம். எதுவானாலும் ஆட்டத்தை நிறுத்தாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டார்கள். கம்ப்யூட்டரில் முப்பரிமாண டிசைன் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இந்தச் சொல்லைத்தான். நீங்கள் முதலில் வரைகிற தட்டையான கோட்டுப் படத்தில், அதாவது ஸ்கெட்சில், ஆட்டம் இருந்தால், அதன் மேல் எழுப்புகிற எல்லாமே ஆடும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தகட்டை வரைந்து லேசர் கட்டிங்குக்கு அனுப்பினேன். திரையில் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. வெட்டி வந்த 14 தகட்டிலும் ஒரு ஓட்டை மட்டும் 2 மி.மீ. மேலே ஏறி நின்றது. போல்ட் நுழையவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்த ஓட்டைக்கு விட்டம் கொடுத்திருந்தேன், இடம் கொடுக்கவே இல்லை. எப்போதோ மவுஸ் பட்டு நகர்ந்திருக்கிறது. நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை, மென்பொருளும் ஒன்றும் சொல்லவில்லை. நகரக் கூடாது என்று நான் அதனிடம் சொல்லவே இல்லையே.

அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் கன்ஸ்ட்ரெயின்ட். இந்தக் கட்டுரையில் ‘கட்டு’ என்றே எழுதுகிறேன். கோட்டைக் கட்டுகிறோம், வட்டத்தைக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

ஃப்ரீகேட் முப்பரிமாண டிசைனுக்கான இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது, அதையோ அதற்குப் பிந்தியதையோ போட்டுக்கொள்ளுங்கள். கல்லூரியில் சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளைப் படித்திருந்தாலும் பரவாயில்லை. அங்கே ‘ரிலேஷன்’ என்பார்கள், இங்கே கன்ஸ்ட்ரெயின்ட். அங்கே கட்டாத கோடு நீலமாகவும் முழுதும் கட்டியது கறுப்பாகவும் தெரியும். ஃப்ரீகேடில் முழுதும் கட்டியது பச்சையாகும். ஐகான் வேறாக இருக்கும், சங்கதி ஒன்றுதான்.

அப்புறம் ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு நோட்டு, பென்சில். திரையைத் திறப்பதற்கு முன்னால் பொருளை அளந்து நோட்டில் கைப்படம் போடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக மவுஸைப் பிடிப்பவர்கள் பிறகு இரண்டு மடங்கு நேரம் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பழகுவதற்கு எங்கள் பக்கத்துப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் மிஷின்கள் நிறைய ஓடுகின்றன. அப்படி ஒரு மிஷினுக்கு பேரிங் உட்காரும் தகடு ஒன்று செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு 120-க்கு 80. நாலு மூலையிலும் எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. ஓட்டை. ஓட்டைகளுக்கு இடையே நீளவாக்கில் 90, உயரவாக்கில் 50. நடுவில் 6203 பேரிங் உட்காரும் துளை. அந்த பேரிங்கின் வெளி விட்டம் 40, அகலம் 12. அதனால் தகட்டின் கனமும் 12. எல்லாம் மில்லிமீட்டரில்.

ஆட்டத்தை எண்ணுவது

வெற்றுத் தாளில் ஒரு புள்ளி வைத்தால் அது இடம் வலமாக நகரலாம், மேல் கீழாக நகரலாம். ஆக இரண்டு ஆட்டம். கோட்டுக்கு இரண்டு முனை, ஆகவே நாலு. வட்டத்துக்கு மையம் இரண்டு, ஆரம் ஒன்று, மொத்தம் மூன்று. வில்லுக்கு அந்த மூன்றோடு தொடங்கும் கோணமும் முடியும் கோணமும் சேர்ந்து ஐந்து. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘சுதந்திர இயக்கக்கூறுகள்’ என்று படித்திருப்பீர்களே, அதேதான். ஃப்ரீகேடின் இடப்பக்கப் பேனலில் இந்த எண்ணிக்கை எப்போதும் தெரியும். நீங்கள் போடுகிற ஒவ்வொரு கட்டும் அதில் ஒன்றையோ இரண்டையோ, சில சமயம் மூன்றையோ குறைக்கும். பூஜ்யம் வந்தால் ஸ்கெட்ச் பச்சையாகும்.

இந்த எண்ணிக்கையை மனத்தில் ஓட்டிப் பழகுங்கள். ஒரு கட்டுப் போட்டால் எத்தனை குறைய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு பேனலைப் பாருங்கள். நீங்கள் சொன்னதும் அது காட்டுவதும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்றை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நின்று யோசித்தால் ஒரே வாரத்தில் கை பழகிவிடும்.

கட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று உறவுக் கட்டு: இரண்டு முனை ஒட்டியிருக்கட்டும், கோடு படுக்கையாக இருக்கட்டும், இரண்டு கோடு இணையாக இருக்கட்டும், வட்டங்கள் சமமாக இருக்கட்டும், இது அதற்குச் சமச்சீராக இருக்கட்டும் என்பவை. இவற்றில் எண் கிடையாது. இன்னொன்று அளவுக் கட்டு: நீளம், விட்டம், கோணம். முதலில் உறவு, பிறகு அளவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். உறவுகள் நிற்காத படத்தில் எண்ணைப் போட்டால் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு அலங்கோலமாகும்.

கோணல்மாணலாகக் கோடு இழுத்துவிட்டு “இது அதற்கு இணை” என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் 1963-இல் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலிலேயே இது இருந்தது. ஒளிப்பேனாவால் திரையில் தொட்டு வரைவார், அவர் சொன்ன உறவுக்குள் கோடுகள் தாமாக வந்து நிற்கும். நமக்கு ஒளிப்பேனா வேண்டாம், பழைய லேப்டாப்பே போதும்.

தகட்டின் வெளிக்கோடு

பார்ட் டிசைன் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, புதிய பாடி ஒன்றை உருவாக்கி, எக்ஸ்-ஒய் தளத்தில் ஸ்கெட்ச் திறங்கள். சிவப்பும் பச்சையுமாக இரண்டு அச்சு தெரியும். இரண்டும் வெட்டுகிற இடம் ஒரிஜின்.

செவ்வகம் வரையத் தனிக் கருவி இருக்கிறது, முதல் தடவை அதைத் தொடாதீர்கள். கன்ஸ்ட்ரெயின்ட் பட்டியல் இருக்கும் பகுதியின் அமைப்புகளில் ‘ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இப்போது ஒரிஜினைச் சுற்றி, முனைகள் ஒட்டாமல், நாலு தனிக் கோடு வரையுங்கள். கோணலாகவே இருக்கட்டும். ஆனால் அளவு மட்டும் ஏறத்தாழ நிஜ அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 120 வேண்டிய இடத்தில் 5 மி.மீ. கோடு வரைந்துவிட்டு அளவு கொடுத்தால் படம் கண்டபடி திரும்பிக்கொள்ளும். காரணத்தைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

பேனலைப் பாருங்கள். நாலு கோடு, கோட்டுக்கு நாலு, மொத்தம் 16.

முதல் மூலைக்கு வாருங்கள். மேல் கோட்டின் இடது முனைப் புள்ளியையும், இடது கோட்டின் மேல் முனைப் புள்ளியையும் தேர்ந்தெடுத்து ‘கோயின்சிடென்ட்’ ஐகானை அழுத்துங்கள். இரண்டு புள்ளியும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். கோட்டை அல்ல, முனைப் புள்ளியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். எண்ணிக்கை 14 ஆகியிருக்கும். மற்ற மூன்று மூலைக்கும் இதே போல. இப்போது 8.

மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் படுக்கையாக்குங்கள், பக்கக் கோடுகளை நிமிர்த்துங்கள். நாலு குறைந்து 4 ஆகும். இந்த நிலையில் ஏதாவது ஒரு மூலையை மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். செவ்வகம் பெரிதாகும், சிறிதாகும், ஆனால் செவ்வகமாகவே இருக்கும். மேஸ்திரி ஷாஃப்ட்டை அசைத்துப் பார்க்கிற மாதிரிதான் இதுவும். எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்பது கைக்கே தெரியும்.

அடுத்து இடம். இடது மேல் மூலை, வலது கீழ் மூலை, கடைசியாக ஒரிஜின் என்ற வரிசையில் மூன்று புள்ளியையும் தேர்ந்தெடுத்துச் ‘சிமெட்ரிக்’ கட்டுப் போடுங்கள். செவ்வகத்தின் நடு ஒரிஜினில் வந்து உட்காரும். எண்ணிக்கை 2. மிச்சம் இருப்பது நீளமும் உயரமும் மட்டும்தான். மேல் கோட்டுக்கு 120, பக்கக் கோட்டுக்கு 80 கொடுங்கள். பூஜ்யம். படம் பச்சையாகிவிடும்.

ஒரு மூலையை ஒரிஜினில் ஒட்டியும் இதை முடித்திருக்கலாம், பச்சையும் ஆகியிருக்கும். பிறகு ஏன் நடுவில் வைத்தேன்? இந்தத் தகட்டுக்கு உயிர் பேரிங் துளைதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நிற்கின்றன. ஷாஃப்ட்டின் மையம் எங்கேயோ அதுவே ஒரிஜின் என்று வைத்துக்கொண்டால் தகட்டை எப்படி மாற்றினாலும் மையம் நகராது. பொருளில் எது அசையவே கூடாதோ அதை ஒரிஜினில் வையுங்கள்.

ஒரே கோட்டுக்கு இரண்டு கட்டு

பூஜ்யம் வந்த பிறகு வேண்டுமென்றே ஒரு தப்புச் செய்து பாருங்கள். மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தேர்ந்தெடுத்து இணைக் கட்டுப் போடுங்கள். ‘ரிடண்டன்ட்’ என்று எச்சரிக்கும். இரண்டுமே படுக்கை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோம், அப்படியென்றால் இணையாகத்தான் இருக்க முடியும். சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கிறோம். படத்தில் பிழை இல்லை, ஆனால் நாளைக்கு ஒரு கட்டை எடுத்துவிட்டு வேறு போடும்போது இந்த உபரிக் கட்டு குறுக்கே நிற்கும்.

கீழ்க் கோட்டுக்கு 118 என்று அளவு கொடுத்தால் கதை வேறு. மேலே 120, பக்கங்கள் நேர்நிமிர்வு, கீழே 118 என்பது நடக்காத காரியம். இதற்கு ‘கான்ஃப்ளிக்ட்’ என்று சிவப்பில் காட்டும். எந்தெந்தக் கட்டுகள் மோதுகின்றன என்றும் பட்டியலாகச் சொல்லும், அதைச் சொடுக்கினால் படத்தில் காட்டிக்கொடுக்கும். பதறி எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. கடைசியாகப் போட்டதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘உபரிக் கட்டைத் தானே நீக்கு’ என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. பழகுகிற காலத்தில் அதை அணைத்து வையுங்கள். எது உபரி என்று நாமே கண்டுபிடிப்பதுதான் படிப்பு.

அளவைப் பார்க்க மட்டும் வேண்டும், கட்ட வேண்டாம் என்றால் அந்த அளவை ‘ரெஃபரன்ஸ்’ ஆக மாற்றிவிடலாம். நீலமாகி, வெறும் தகவலாக நிற்கும். மூலைவிட்டம் எவ்வளவு என்று மேஸ்திரி கேட்பார், அதற்கெல்லாம் இது உதவும்.

ஓட்டைகள்

ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட்டைத் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள். இனி வரையும்போதே கர்சர் பக்கத்தில் சின்னக் குறி தெரியும். படுக்கைக் குறி தெரிந்தால் கோடு தானாகப் படுக்கையாகும், புள்ளிக் குறி தெரிந்தால் முனை தானாக ஒட்டும். வசதிதான், ஆனால் குறி தெரிந்ததா என்று பார்த்துவிட்டே சொடுக்குங்கள். பக்கத்தில் இருப்பது வேறு, ஒட்டியிருப்பது வேறு. கண்ணுக்கு மூடியதாகத் தெரிகிற படத்துக்குக் கனம் கொடுத்து முப்பரிமாணப் பொருளாக்கப் போகும்போது கோடு மூடவில்லை என்று பிழை வந்தால், ஏதோ ஒரு மூலையில் தலைமுடி அளவு இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ‘வேலிடேட் ஸ்கெட்ச்’ என்ற கருவி அப்படி ஒட்டாமல் விட்ட முனைகளைத் தேடித் தரும்.

நாலு ஓட்டைக்கும் தனித்தனியாக இடம் கொடுத்தால் எட்டு அளவு வேண்டும். எட்டு எண் இருந்தால் எட்டுத் தப்புக்கு வாய்ப்பு. அதற்குப் பதிலாக உள்ளே இன்னொரு செவ்வகம் வரையுங்கள், இந்தத் தடவை செவ்வகக் கருவியிலேயே வரையலாம். அதன் நாலு கோட்டையும் தேர்ந்தெடுத்து ‘கன்ஸ்ட்ரக்ஷன்’ கோடாக மாற்றுங்கள். நீலமாகிவிடும். இது தச்சர் மரத்தில் பென்சிலால் போடுகிற குறிக்கோடு மாதிரி, வெட்டில் வராது. முன்பு செய்தது போலவே எதிர் மூலைகளை ஒரிஜினுக்குச் சமச்சீராக்கி, 90-ம் 50-ம் கொடுங்கள்.

அந்த நாலு மூலையிலும் மையம் ஒட்டும்படி நாலு வட்டம் போடுங்கள். மையம் நின்றுவிட்டது, ஒவ்வொன்றிலும் ஆரம் மட்டும்தான் ஆடுகிறது. எண்ணிக்கை 4 காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ஏதோ ஒரு மையம் ஒட்டவில்லை. பேனலில் அந்த எண்ணின் மேலேயே சொடுக்கினால் கட்டப்படாத உருப்படிகள் தேர்வாகிக் காட்டும். என் 14 தகட்டையும் இந்த ஒரு சொடுக்கு காப்பாற்றியிருக்கும்.

நாலு வட்டத்தையும் தேர்ந்தெடுத்துச் சமக் கட்டுப் போட்டால் 1. ஒன்றுக்கு மட்டும் விட்டம் 9 கொடுத்தால் பூஜ்யம். நாளைக்கு எம்10 போல்ட் என்று மாறினால் ஒரே இடத்தில் 11 என்று திருத்தினால் போதும், நாலும் மாறும். நடுத் துளைக்கு ஒரிஜினிலிருந்து வட்டம் இழுத்து விட்டம் 40 கொடுங்கள். முடிந்தது.

பச்சை ஆனால் போதாது

புதுச்சேரியில் டிப்ளமோ முடித்த பெண் ஒருவர் என்னிடம் பழக வந்தார். தினமும் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கியதும் முந்தின நாள் போட்ட ஸ்கெட்சைத்தான் முதலில் திறப்பார், அவ்வளவு அக்கறை. மூன்றாம் நாள் இதே தகட்டை முடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“அண்ணா, எல்லாம் பச்சை ஆயிடுச்சு. ஆனா நீளத்தை 80-ன்னு மாத்தினா ஓட்டை தகட்டுக்கு வெளியே போயிடுது. எர்ரரே காட்டல.”

“எர்ரர் ஏன்மா காட்டணும்? ஓட்டைக்கு நடுவுல 90 இருக்கணும்னு சொன்ன, அது இருக்கு. விளிம்புலேருந்து 15 தள்ளி இருக்கணும்னு எங்கயாவது சொன்னியா?”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை எடுத்து, தகட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்வி எழுதினார்: எது மாறினால் எது கூட வரணும்?

இந்தக் கேள்வியைத்தான் உங்களிடமும் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். பூஜ்யம் என்பது இன்றைக்கு ஆட்டம் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். நாளைக்கு ஓர் அளவு மாறும்போது மற்றவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நீங்கள்தான் கட்டுகளில் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பொருளைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளைத் தெரிந்திருந்தால் மட்டும் ஆகாது.

இந்தத் தகட்டில் இரண்டு நிலைமை வரலாம். புது மிஷின் செய்கிறார்கள், ஃபிரேமில் இன்னும் ஓட்டை போடவில்லை என்றால் தகட்டின் நீளமே தலைவன், ஓட்டைகள் அதைப் பின்பற்றட்டும். பழைய மிஷின், ஃபிரேமில் ஓட்டை போட்டாகிவிட்டது என்றால் ஓட்டைகளின் இடைவெளிதான் தலைவன், தகடு அதற்கேற்ப நீளட்டும். ஒரே படம், ஒரே அளவுகள், ஆனால் கட்டு தலைகீழ். ஸ்கெட்ச் போடும் முன் பட்டறையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புது மிஷின் என்றே வைத்துக்கொள்வோம். கன்ஸ்ட்ரெயின்ட் பட்டியலில் 120 என்ற அளவின் மேல் வலது சொடுக்குப் போட்டு அதற்குப் பெயர் வையுங்கள். நீளம், உயரம் என்ற சொற்களையே ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடித்துப் பெயராக வைப்பது என் வழக்கம். ஒற்றை எழுத்துப் பெயர் வேண்டாம், சில எழுத்துகளை மென்பொருள் அலகாக எடுத்துக்கொள்ளும். பிறகு 90 என்ற அளவைத் திறந்து, எண்ணுக்குப் பதிலாகச் சமன்பாடு எழுதும் பெட்டிக்குப் போய், நீளத்திலிருந்து 30 மி.மீ. கழி என்று எழுதுங்கள். மி.மீ. என்ற அலகையும் சேர்த்து அடிக்க வேண்டும். வெறும் 30 என்று அடித்தால் நீளத்திலிருந்து வெறும் எண்ணைக் கழிக்க முடியாது என்று மறுத்துவிடும், அது சரிதான். உயரத்துக்கும் இதே மாதிரி. இனி நீளத்தை 150 ஆக்கினால் இடைவெளி தானாக 120 ஆகும். விளிம்பிலிருந்து 15 அப்படியே இருக்கும்.

பண்ருட்டிக்காரர் வந்து “ஷாஃப்ட்ட 20-ஆ மாத்திட்டோம் தம்பி, 6204 பேரிங் போட்டுக் குடு” என்றால் என்ன மாறும்? அதன் வெளி விட்டம் 47, அகலம் 14. நடுத் துளையின் எண், தகட்டின் கனம், அவ்வளவுதான். சரியாகக் கட்டிய ஸ்கெட்சில் இது ஒரு நிமிஷ வேலை.

அளவுகள் பத்துக்கு மேல் போனால் ஸ்கெட்சுக்குள் வைக்காமல் ஃப்ரீகேடிலேயே இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். தொடங்கும்போதே அதற்குப் போக வேண்டாம்.

வளைவு வந்தால்: லிங்க் பட்டை

கால் பெடலையும் வெட்டும் கத்தியையும் இணைக்கிற லிங்க் பட்டை ஒன்றை வரைவோம். ஒரு முனை பெரிய வட்டம், மறுமுனை சின்ன வட்டம், நடுவில் இரண்டு பக்கமும் நேர்க்கோடு. வட்டம் முடிந்து கோடு தொடங்கும் இடத்தில் முறிவு தெரியக் கூடாது. அதற்குத்தான் ‘டேன்ஜென்ட்’ கட்டு, அதாவது தொடுகோடு.

இரண்டு வில்லும் இரண்டு கோடும் போடுங்கள், மொத்தம் 18 ஆட்டம். வில்லின் முனைப் புள்ளி, கோட்டின் முனைப் புள்ளி இரண்டையும் தேர்ந்தெடுத்து நேரடியாக டேன்ஜென்ட் போடுங்கள். ஒட்டுவதும் தொடுவதும் ஒரே கட்டில் நடக்கும், மூன்று குறையும். நாலு சந்திப்புக்கும் 12 போனால் மிச்சம் 6. அந்த ஆறும் எவை என்று யோசியுங்கள்: இரண்டு மையத்துக்கு நாலு, இரண்டு ஆரம். பெரிய வில்லின் மையத்தை ஒரிஜினில் ஒட்டினால் 4, சின்னதின் மையத்தைப் படுக்கை அச்சின் மேல் வைத்தால் 3, மையங்களுக்கு இடையே 110 கொடுத்தால் 2, ஆரம் 18-ம் 12-ம் கொடுத்தால் பூஜ்யம்.

இங்கே ஒரு விபத்து அடிக்கடி நடக்கும். எல்லாம் போட்டு முடித்ததும் வில் உள்பக்கம் திரும்பி, படம் நண்டுக் கொடுக்கு மாதிரி ஆகிவிடும். மேலே சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். உங்கள் கட்டுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கலாம். ஒரு கோடு ஒரு வட்டத்தை மேலிருந்தும் தொடலாம், கீழிருந்தும் தொடலாம். மென்பொருள் இப்போது படம் இருக்கிற நிலையிலிருந்து படிப்படியாக நகர்த்தித்தான் விடையைத் தேடும், ஆகவே பக்கத்தில் இருக்கிற விடையில் போய் நிற்கும். நீங்கள் வரைந்த கைப்படம் வேண்டிய வடிவத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வேண்டிய விடை கிடைக்கும். திரும்பிக்கொண்டால் அளவுகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த வில்லை மட்டும் அழித்து, சரியான பக்கமாக மறுபடி வரைவதே சீக்கிரம் முடியும்.

மூலைகளை உருட்டுவது பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்சுக்குள்ளேயே ஃபில்லெட் போடாதீர்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வில் கூடும், கூடவே கட்டுகளும் கூடும், படம் பின்னிக்கொள்ளும். கூர் மூலையாகவே வைத்து, கனமாக்கிய பிறகு முப்பரிமாணத்தில் விளிம்பைத் தேர்ந்தெடுத்து உருட்டுங்கள். வேண்டாமென்றால் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம்.

‘பிளாக்’ என்று ஒரு கட்டு உண்டு. கோட்டை இருக்கிற இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிடும். எண்ணிக்கை சட்டென்று குறைவதால் அதைப் போட்டுப் போட்டுப் பச்சையாக்கிவிடத் தோன்றும். அதில் அளவும் இல்லை, உறவும் இல்லை. வேறெங்கிருந்தோ கொண்டுவந்த சிக்கலான வளைவை அசையாமல் வைக்க மட்டும் நான் அதைத் தொடுவேன்.

பட்டறைக்கு அனுப்பும் முன்

பச்சை ஆனதும் மூன்று அளவையாவது மாற்றிப் பாருங்கள். நீளத்தை 200 ஆக்குங்கள், 90 ஆக்குங்கள், நடுத் துளையைப் பெரிதாக்குங்கள். எங்கே படம் உங்கள் நினைப்புக்கு மாறாக நடக்கிறதோ அங்கே ஒரு கட்டு தப்பு. திருத்திவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்பி, சேவ் செய்யுங்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பழைய டெஸ்க்டாப்பில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி சேவ் செய்வது நல்லது.

லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் கேட்பார்கள். இடப்பக்கத்தில் கிளை கிளையாக விரியும் பட்டியலில் ஸ்கெட்சைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்யலாம். நீலக் குறிக்கோடுகள் ஃபைலில் வரவில்லை என்று ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பேரிங் துளையை மட்டும் லேசரில் 40-க்கு வெட்டச் சொல்லாதீர்கள். வெட்டுக்கு அனுப்பும் ஃபைலில் அதை 38 என்று மாற்றி, மிச்சத்தை லேத்தில் பிடித்துக் கடைய விடுங்கள். பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டிய துளை அது, அந்த நேர்த்தி லேத்தில்தான் வரும். ஃபைல் பெயரிலேயே 38 என்று எழுதி வைத்தால் பிறகு குழப்பம் வராது.

கடைசியாக, ஃப்ரீகேடில் அச்சுக்கான வரைபடத் தாள் தயாரிக்கும் டெக்ட்ரா பகுதியில் ஒன்றுக்கு ஒன்று அளவில் படத்தை வைத்து ஏ4 தாளில் அச்செடுங்கள். 120-க்கு 80 தகடு அதில் தாராளமாக அடங்கும். பிரின்ட் எடுக்கும்போது பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்காமல் நூறு சதவீத அளவிலேயே எடுக்க வேண்டும். தாள் வந்ததும் முதலில் ஸ்கேல் வைத்து 120 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டைகளை பிளேடால் வெட்டி, தாளைக் கொண்டுபோய், ஓட்டை போட்டாகிவிட்ட ஃபிரேமின் மேல் விரித்து வையுங்கள். நாலு ஓட்டை வழியாகவும் எம்8 போல்ட்டை விட்டுப் பாருங்கள். நாலும் தாளைக் கிழிக்காமல் இறங்கினால் தகட்டை வெட்டச் சொல்லலாம்.